எந்த மாதம், எந்தத் திசை?

பின்னலாடைத் தொழிலின் விடுமுறை நாட்களுக்கு ஏற்ற இந்தியப் பயணங்கள்

இந்தியாவைச் சுற்றிப் பார்க்க நல்ல பருவம் எது என்ற கேள்விக்கு, நாடு முழுவதற்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. வடக்கிலிருந்து தெற்காக 3,214 கிலோமீட்டர், கிழக்கிலிருந்து மேற்காக 2,933 கிலோமீட்டர் பரந்து கிடக்கும் நிலம் இது. ஜூலை மாதத்தின் ஏதோ ஒரு நாளில் மேகாலயாவின் மௌசின்ராமில் மழை விடாமல் கொட்டிக்கொண்டிருக்கும். அதே நாளில் லடாக்கின் லே நகரில் நீல வானத்தின் கீழ் ஆப்ரிகாட் மரங்கள் பழுத்து நிற்கும். திருப்பூருக்கு அருகே பல்லடத்தில் காற்றாலைகள் ஓயாமல் சுழலும். மௌசின்ராமில் ஆண்டுக்கு 1,100 செ.மீ.க்கு மேல் மழை பெய்கிறது. லேயில் பெய்வது 10 செ.மீ. அளவுதான்.

இந்த வேறுபாடு பயணிக்குத் தொல்லை அல்ல, வசதி. ஆண்டின் எந்த மாதத்தை எடுத்தாலும் நாட்டின் ஏதோ ஒரு பகுதிக்கு அதுவே சிறந்த மாதமாக இருக்கும். லீவு எப்போது கிடைக்கும் என்பதைத் தொழிலாளி முடிவு செய்ய முடியாத திருப்பூர் போன்ற ஊருக்கு இது மிகவும் பயன்படும் உண்மை. இங்கே பயணத் திட்டம் இடத்திலிருந்து தொடங்குவதில்லை. தீபாவளி, பொங்கல், ஆயுதபூஜை, பள்ளிக் கோடை விடுமுறை என்று கைக்கு வரும் நாட்களிலிருந்து தொடங்குகிறது. அந்த நாட்களில் எந்தத் திசை நன்றாக இருக்கும் என்பதைத் தெரிந்துகொண்டால் போதும்.

வானிலைத் துறையின் நான்கு பருவங்கள்

இந்திய வானிலை ஆய்வுத் துறை ஆண்டை நான்காகப் பிரிக்கிறது. ஜனவரி, பிப்ரவரி குளிர்காலம். மார்ச் முதல் மே வரை கோடை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பருவமழைக்குப் பிந்தைய காலம். தமிழ்நாட்டுக்கு அதுவே வடகிழக்குப் பருவமழை.

தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 1ஆம் தேதி வாக்கில் கேரளத்தைத் தொட்டு, ஜூலை 8 அளவில் நாடு முழுவதும் பரவிவிடுகிறது. செப்டம்பர் 17 அளவில் ராஜஸ்தானின் மேற்கு மூலையிலிருந்து விலகத் தொடங்கி, அக்டோபர் நடுவில் விடைபெறுகிறது. நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ முக்கால் பங்கு இந்த நான்கு மாதங்களில் பெய்கிறது. வரும்போது தெற்கிலிருந்து வடக்கே ஏறுகிறது, போகும்போது வடமேற்கிலிருந்து இறங்கி வருகிறது. அதனால் ராஜஸ்தானில் மழைக்காலம் குறுகியது, கேரளத்தில் நீண்டது. செப்டம்பர் இறுதியில் ஜெய்ப்பூர் பயணத்துக்குத் தயாராகிவிடும். கொச்சி இன்னும் நனைந்துகொண்டிருக்கும்.

பருவத்தைப் போலவே உயரமும் கணக்கில் வரவேண்டும். ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் ஏறும்போதும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறைகிறது. திருப்பூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்திலும் ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையே 12, 13 டிகிரி வேறுபாடு வருவது இந்தக் கணக்கால்தான். வடக்கே போகப்போகக் குளிரும் என்ற பொதுவான எண்ணம் குளிர்காலத்துக்கு மட்டுமே சரி. மே மாதத்தில் டெல்லியும் ஜெய்ப்பூரும் திருப்பூரைவிடக் கடுமையாகக் காயும். ராஜஸ்தானின் பலோடியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவானது.

மலைக்கு இந்தப் பக்கம்

பருவமழையின் வேலையைப் புரிந்துகொள்ளத் திருப்பூர் மாவட்டத்தைவிட நல்ல பாடம் இல்லை. தென்மேற்குக் காற்று அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்துவந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, கேரளப் பக்கத்தில் மழையாக இறக்கிவிடுகிறது. மலையைத் தாண்டி வரும் காற்றில் ஈரம் குறைவு, வேகம் அதிகம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு அந்தக் காற்று தடையின்றிப் புகுந்து வருகிறது. பல்லடம், உடுமலை, தாராபுரம் வட்டாரங்களில் காற்றாலைகள் வரிசையாக நிற்பதற்கு அதுவே காரணம். மழைக்கு மறைவில் இருக்கும் திருப்பூருக்கு ஆண்டுக்கு 60 முதல் 70 செ.மீ. அளவே மழை, அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையாக வருகிறது.

உடுமலையிலிருந்து மூணாறு போகும் சாலையில் இந்தப் பாடத்தைக் கண்ணால் படிக்கலாம். அமராவதி அணைப் பக்கம் வறண்ட முள்காடு. சின்னாறு தாண்டியும் மழைமறைவு தொடர்கிறது. மறையூரில் சந்தன மரங்களும் கரும்பு வயல்களும். அங்கிருந்து மேலே ஏறினால் தேயிலைத் தோட்டமும் சோலைக்காடும். நூறு கிலோமீட்டருக்கும் குறைந்த தூரத்தில் மூன்று தட்பவெப்பங்கள்! ஜூலையில் மூணாறு மழையில் மூழ்கியிருக்க, மறையூரில் சாலை காய்ந்து கிடப்பது சாதாரணம். மலைக்கு எந்தப் பக்கம் என்று கேட்கத் தெரிந்தவருக்கு இந்தியா முழுவதும் இந்தக் கணக்கு கைகொடுக்கும். இமயமலையின் தெற்குச் சரிவில் இருக்கும் மணாலியும், மலைமுதுகுக்கு அப்பால் இருக்கும் லாஹௌல், ஸ்பிதி, லடாக்கும் இதே உறவில்தான் நிற்கின்றன.

பனியன் கம்பெனியின் காலண்டர்

நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் திருப்பூரிலிருந்து போகிறது. கம்பளி ஆடைக்கு லூதியானா என்றால் பருத்திப் பின்னலுக்குத் திருப்பூர். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கோடையில் உடுத்தும் பருத்தி ஆடைகளே இந்த ஊரின் பெரும் பலம். கடைக்கு வரவேண்டிய காலத்துக்குப் பல மாதங்கள் முன்பே துணி ஓட்டி, சாயமேற்றி, வெட்டி, தைத்து, கப்பலேற்றியாக வேண்டும். அங்கே வெயில் வரும் முன்பே இங்கே ஷிப்மென்ட் முடிந்திருக்க வேண்டும் என்பதால், தீபாவளிக்குப் பிறகு தொடங்கும் மாதங்களில் வேலை சூடுபிடிக்கிறது. அப்போது டெய்லரானாலும் செக்கிங் பெண்ணானாலும் நினைத்த நாளில் லீவு எடுப்பது கடினம். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு எடுத்த லீவு அந்த வாரச் சம்பளத்திலேயே தெரியும்.

எனவே ஊர் முழுவதும் ஓய்வெடுக்கும் நாட்கள் சில மட்டுமே. போனஸோடு வரும் தீபாவளி விடுமுறை பெரியது. பல கம்பெனிகளில் ஒரு வாரம்கூட நீளும். அடுத்தது பொங்கல். ஆயுதபூஜைக்கு இரண்டு, மூன்று நாள். பிள்ளைகளின் படிப்பை ஒட்டி மே மாதத்தில் சில நாள். ஆர்டர் மந்தமாக இருந்தால் ஆடியில் கொஞ்சம் இடைவெளி. ஒவ்வொன்றுக்கும் ஏற்ற திசை ஒன்று உண்டு.

தீபாவளி: மேற்கும் வடக்கும்

தீபாவளி அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள் வரும். வழக்கமாக அக்டோபர் 20 அளவில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை அப்போது தமிழ்நாட்டில் வலுப்பெறும். மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதங்களில்தான். வங்கக்கடல் புயல்களின் காலமும் இதுவே. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலும், 2018 நவம்பர் 16 அன்று டெல்டாவைச் சாய்த்த கஜாவும், 2015 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்த மழையும் இந்தப் பருவத்தின் நினைவுகள். ஒடிசாவைச் சூறையாடிய 1999 பெரும்புயல் அக்டோபர் 29 அன்று கரையைக் கடந்தது. ஆகவே தீபாவளி விடுமுறையில் ராமேஸ்வரம், வேதாரண்யம், புதுச்சேரி, பூரி போன்ற கிழக்குக் கடற்கரை ஊர்களைத் தள்ளிவைப்பது நல்லது.

அதே நாட்களில் நாட்டின் மேற்கும் நடுப்பகுதியும் மழையில் குளித்துப் பசுமையாக, வானம் தெளிந்து, அளவான வெயிலோடு இருக்கும். அஜந்தா, எல்லோரா, உதய்ப்பூர், ஜோத்பூர், மத்தியப் பிரதேசத்தின் சாஞ்சி, மாண்டு எல்லாம் அப்போது அழகு. பருவமழையில் மூடிக்கிடந்த கிர் காடு அக்டோபர் நடுவில் திறந்துவிடும். தீபாவளியை அடுத்து வரும் பௌர்ணமியை ஒட்டி ராஜஸ்தானின் புஷ்கரில் ஒட்டகச் சந்தையும், காசியில் கங்கைக்கரை முழுவதும் விளக்கேற்றும் தேவ தீபாவளியும் நடக்கின்றன. காஷ்மீரில் சினார் மரங்கள் சிவந்து, பாம்பூர் வயல்களில் குங்குமப்பூ பூக்கும் நேரம் இது. கேதார்நாத் கோயில் தீபாவளிக்கு இரண்டு நாள் கழித்து நடை சாத்தப்படுவதால், இமயமலைக் கோயில்களுக்கு அந்த விடுமுறையை நம்பிப் போகக்கூடாது. டெல்லியும் அப்போது வேண்டாம். காற்று மாசு உச்சத்தில் இருக்கும் வாரங்கள் அவை. குழந்தைகளும் முதியவர்களும் மூச்சுத் திணறுவார்கள்.

ரயிலிலும் கவனம் தேவை. ஆலப்புழா–தன்பாத், கன்னியாகுமரி–திப்ரூகர் விவேக் போன்ற வண்டிகள் திருப்பூர் வழியாகவே போகின்றன. தீபாவளி முடிந்த ஆறாம் நாள் வரும் சத் பூஜைக்காக பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் ஊருக்குக் கிளம்பும் நேரம் அது. கிழக்கு நோக்கிய வண்டிகளில் அவர்களுக்கே இடம் போதாது. ஆண்டுக்கு ஒருமுறை வீடு திரும்புகிறவர்களோடு போட்டியிடாமல், சுற்றுலாப் பயணி மேற்கு நோக்கித் திரும்புவதே முறை.

பொங்கல்: தெற்கும் கடற்கரையும்

தை பிறக்கும்போது தமிழ்நாட்டில் மழை ஓய்ந்திருக்கும். அணைகளும் ஏரிகளும் நிறைந்திருக்கும். செட்டிநாடு, தஞ்சை, ராமேஸ்வரம், தென்காசி வயல்கள் என்று சொந்த மாநிலத்தைச் சுற்ற இதைவிட நல்ல நேரம் இல்லை. திருப்பூரை ஒட்டிய நஞ்சராயன் குளத்துக்கு வலசைப் பறவைகள் வரும் காலமும் இது. 2022இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்தக் குளம் 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. ஒரு பனியன் நகரத்தின் விளிம்பில் உலக அங்கீகாரம் பெற்ற ஈரநிலம் இருப்பது ஊருக்குப் பெருமை. வீட்டிலிருந்து கிளம்பி மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம்.

சற்று எட்டிப்போனால் ஹம்பி, பாதாமி, கோவா, ஆலப்புழாவின் காயல், அந்தமான் எல்லாம் ஜனவரியில் இதமாக இருக்கும். ஹம்பியின் பாறைகளில் ஏப்ரலில் காலை ஒன்பது மணிக்கு மேல் நடக்க முடியாது. ஜனவரியில் நாள் முழுவதும் நடக்கலாம். மழைக்காலத்தில் நீர் தேங்கி நிற்கும் குஜராத்தின் கட்ச் ரண், நவம்பர் முதல் பிப்ரவரி வரை உப்பு காய்ந்து வெண்மையாகப் பரந்திருக்கும்.

கங்கைச் சமவெளிக்கு மட்டும் பொங்கல் சமயம் பொருந்தாது. டிசம்பர் பிற்பாதியிலிருந்து ஜனவரி முடியும்வரை டெல்லி முதல் பாட்னா வரை அடர்ந்த மூடுபனி இறங்குகிறது. ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும், விமானங்கள் ரத்தாகும். நான்கு நாள் லீவில் ஒரு நாளை ஆக்ரா ரயில் நிலையத்திலேயே கழிக்கும் நிலை வரலாம். தாஜ்மஹாலும் மதியம்வரை பனிக்குள் மறைந்திருக்கலாம். பனிப்பொழிவு பார்க்க விரும்புவோருக்கு அதே ஜனவரி நல்ல மாதம். மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்தியக் காற்றழுத்தத் தாழ்வுகளால் காஷ்மீரிலும் இமாச்சலத்திலும் பனி கொட்டும். டிசம்பர் 21 முதல் 40 நாட்களைக் காஷ்மீரிகள் சில்லைக் கலான் என்கிறார்கள். ஆண்டின் கடுங்குளிர் அந்த நாட்களில்தான்.

மாசி: வடக்கின் பொற்காலம்

டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர், காசி, அயோத்தி ஆகிய ஊர்களுக்கு மிகச் சிறந்த காலம் பிப்ரவரி முதல் வாரத்திலிருந்து மார்ச் நடுவரை. மூடுபனி விலகியிருக்கும், வெயில் ஏறியிருக்காது. காசிக்குப் பெற்றோரை அழைத்துப்போக நினைக்கும் குடும்பங்கள் இந்த ஆறு வாரங்களை மனத்தில் வைக்கலாம். விடியற்காலை கங்கைக் குளியல் முதியவர்களுக்கு ஜனவரியில் தாங்காது, மே மாதத்தில் பகல் தாங்காது. கம்பெனியில் வேலை மும்முரமாக இருக்கும் காலம் என்பதால் இளையவர்களுக்கு லீவு கிடைப்பது அரிது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் குழுவாகப் போவதற்கு ஏற்ற பருவமாக இதைக் கொள்ளலாம். ஹோலி சமயம் மட்டும் வடக்கு வண்டிகள் நிரம்பி வழியும். அதைத் தவிர்த்துத் தேதி குறிக்க வேண்டும். அசாமின் காசிரங்காவும் ஒடிசாவின் கோனார்க்கும் பீகாரின் புத்தகயாவும் இந்த மாதங்களில் நன்றாக இருக்கும். திருப்பூரில் பக்கத்து மெஷினில் தைப்பவரின் சொந்த ஊருக்குப் போய்ப் பார்க்க ஆசைப்படுவோர்க்கும் இதுவே தருணம்.

கோடை: உயரத்தை நோக்கி

பள்ளி விடுமுறையும் கத்திரி வெயிலும் சேரும் மே மாதத்தில் கொங்கு நாட்டின் கால்கள் தாமாக ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் நடக்கும். மலர்க் கண்காட்சி நடக்கும் மாதம் என்பதால் கூட்டமும் உச்சத்தில் இருக்கும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இரண்டு ஊர்களுக்கும் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை வந்தது. மே மாதக் கடைசி வார நெரிசலைவிட ஏப்ரல் முதல் பாதியோ செப்டம்பரோ ஊட்டிக்கு நல்லது. ஏற்காடும் வால்பாறையும் அருகிலேயே இருக்கின்றன.

கோடைக்கு முழு நியாயம் செய்வது இமயமலை. ஸ்ரீநகரின் துலிப் தோட்டம் மார்ச் இறுதியிலிருந்து ஏப்ரல் வரை மட்டும் பூக்கும். சிம்லா, மணாலி, நைனிடால், டார்ஜிலிங் ஆகியவை ஏப்ரல் முதல் ஜூன் நடுவரை இதம். கேதார்நாத், பத்ரிநாத் கோயில்கள் ஏப்ரல் இறுதி, மே தொடக்கத்தில் நடை திறக்கின்றன. பருவமழை மலையை எட்டும் முன் இந்தப் பயணத்தை முடித்துவிட வேண்டும் என்பதற்கு 2013 ஜூன் 16, 17 தேதிகளில் கேதார்நாத்தில் நேர்ந்த பேரழிவு என்றைக்கும் எச்சரிக்கை. அந்த ஆண்டு மழை வழக்கத்தைவிட முன்கூட்டியே வந்தது. மே மாதத்திலேயே போய்த் திரும்புவது பாதுகாப்பு. இதே நாட்களில் ராஜஸ்தான், டெல்லி, மத்தியப் பிரதேசம் ஆகியவற்றை முற்றிலும் விட்டுவிட வேண்டும். சமவெளியில் வீசும் அனல் காற்று உயிரையே பறிக்கக்கூடியது.

ஆனி, ஆடி: மழையும் மழைமறைவும்

ஆடிக்காற்று திருப்பூரில் புழுதி கிளப்பும்போது குற்றாலத்தில் சாரல் விழும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரையான அந்தப் பருவம் தொழிலாளர் குடும்பங்களுக்குக் கைக்கெட்டும் செலவில் கிடைக்கும் பெரிய மகிழ்ச்சி. உடுமலை திருமூர்த்தி மலையின் பஞ்சலிங்க அருவி இன்னும் அருகில். அங்கே மலைமேல் பெய்யும் மழையால் திடீர் வெள்ளம் வருவதுண்டு. குளிக்கத் தடை என்றால் அதற்கு மறுபேச்சு இருக்கக்கூடாது. வயநாட்டில் 2024 ஜூலை 30 அன்று நேர்ந்த நிலச்சரிவு, மழைக்காலத்தில் மலைச்சரிவில் இரவு தங்குவதன் ஆபத்தைக் காட்டியது. ஜூலை, ஆகஸ்டில் கேரள மலைகளுக்குப் போவோர் வானிலைத் துறையின் ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகளைப் பார்த்த பிறகே கிளம்ப வேண்டும்.

நாடு முழுவதும் நனையும் இந்த மாதங்களில் மழைமறைவுப் பகுதிகள் திறந்திருக்கும். லடாக்குக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் பருவம். சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் லேயில் மற்ற மாதங்களின் குளிர் தென்னாட்டு உடம்புக்குக் கடுமை. விமானத்தில் இறங்கியதும் இரண்டு நாள் ஓய்வெடுத்து, உயரத்துக்கு உடலைப் பழக்கிய பிறகே மேலே போக வேண்டும். 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட, 9 கிலோமீட்டர் நீளமான அடல் சுரங்கப்பாதை மணாலியிலிருந்து லாஹௌலுக்குப் போவதை எளிதாக்கியது. ஆனாலும் மழை மாதங்களில் மணாலி வரும் சாலையிலேயே மண் சரியும். உத்தரகண்டின் மலர்ப் பள்ளத்தாக்கு ஜூன் 1 முதல் அக்டோபர் 31 வரை திறந்திருந்தாலும், பூக்கள் நிறைவது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை. மழையில் நனைந்தபடி ஏறத் துணிந்தவர்களுக்கான பயணம் அது.

ஆயுதபூஜை: இரண்டு பருவங்களுக்கு நடுவே

மெஷின்களுக்குப் பொட்டு வைத்து பூஜை முடித்ததும் கிடைக்கும் இரண்டு, மூன்று நாட்கள் செப்டம்பர் இறுதியிலோ அக்டோபரிலோ வரும். தென்மேற்கு தணிந்து, வடகிழக்கு இன்னும் தொடங்காத இடைவெளி அது. மைசூரு தசரா அருகிலேயே இருக்கிறது. வால்பாறையும் வயநாடும் கூர்க்கும் மழை தணிந்த பசுமையோடு நிற்கும். அருவிகளில் நீர் வற்றியிருக்காது. கூடுதல் லீவு கிடைத்தால் சிக்கிமும் மேகாலயாவும் அக்டோபர் பிற்பாதியிலிருந்து தெளியத் தொடங்கும். கஞ்சன்ஜங்கா நன்றாகத் தெரிவது அப்போதுதான்.

துணியும் டிக்கெட்டும்

துணியின் எடையைக் கையால் தொட்டே சொல்லும் ஊருக்கு உடை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சமவெளிக்கும் கடற்கரைக்கும் 140, 160 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்சி போதும். ராஜஸ்தானின் ஜனவரி இரவுக்கும் ஊட்டியின் டிசம்பர் உறைபனிக்கும் 280 ஜிஎஸ்எம் ஃப்ளீஸ் வேண்டும். பனிமலையில் மட்டும் பருத்தியை உடம்பை ஒட்டி அணியக்கூடாது. பருத்தி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெதுவாகக் காயும். அந்த ஈரம் உடல் சூட்டை இழுத்துவிடும். உள்ளே பாலியெஸ்டரோ கம்பளியோ கலந்த தெர்மல், நடுவே ஃப்ளீஸ், மேலே காற்றும் நீரும் புகாத ஜாக்கெட் என்று மூன்று அடுக்காக அணிவதே சரி.

ரயில் முன்பதிவு 2024 நவம்பர் 1 முதல் 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. எனவே தீபாவளிப் பயணத்துக்கு ஆவணியிலும், பொங்கல் பயணத்துக்கு ஐப்பசி இறுதியிலும், மே மாதப் பயணத்துக்கு மார்ச்சிலும் தேதியைக் குறித்துவைக்க வேண்டும். கம்பெனியில் லீவு நாட்கள் உறுதியாவதும் ஏறக்குறைய அப்போதுதான் என்பதால் இந்தக் குறுகிய கால அவகாசம் தொழிலாளிக்குப் பாதகமில்லை.

கடும் உழைப்பில் சேர்த்த பணமும் அரிதாகக் கிடைத்த லீவும் தவறான மாதத்தில் தவறான ஊரில் வீணாகக்கூடாது. தீபாவளிக்கு மேற்கு, பொங்கலுக்குத் தெற்கு, மாசியில் கங்கைக்கரை, மே மாதத்தில் இமயம், ஆடியில் குற்றாலமோ லடாக்கோ, ஆயுதபூஜைக்கு அருகிலுள்ள மலைகள் என்று ஆண்டுக்கு ஒரு திசையாக எடுத்துக்கொண்டால், ஆறே ஆண்டுகளில் ஒரு குடும்பம் இந்த நாட்டின் பெரும்பகுதியை அதனதன் நல்ல மாதத்திலேயே பார்த்துவிட முடியும்.